தனியாகப் போகாதீர்கள்

வாசகர் கேள்வி – பதில்

தாலுகா அலுவலக வாசலில் புங்க மரத்தடியில் மேசை போட்டு 31 ஆண்டுகள் மனு எழுதியவள் நான். அது அப்பா போட்ட மேசை. அவருக்குக் கண் மங்கியதும் நான் உட்கார்ந்தேன். இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கவலையைத்தான் சுற்றி வருகின்றன: நம் உரிமை பறிபோகாமல் இருக்க நாம் என்ன செய்யலாம்? பெயர் வேண்டாம் என்று பலரும் கேட்டிருப்பதால் ஊரை மட்டும் போடுகிறேன்.

கேள்வி: பேச்சுரிமை, எழுத்துரிமை என்று டிவியில் பெரிய ஆட்கள் பேசுகிறார்கள். காலை ஐந்து மணிக்குக் கடை திறந்து இரவு பத்துக்கு மூடும் மளிகைக் கடைக்காரன் நான். என்னால் இதில் என்ன ஆகும் அம்மா?
– வாசகர், வேடசந்தூர்

பதில்: ஒரு கடிதத்தில் இருந்து ஆரம்பிக்கிறேன். 1986 ஆகஸ்ட் 26 அன்று மேற்கு வங்கத்தில் டி.கே. பாசு என்பவர் இந்தியத் தலைமை நீதிபதிக்கு ஒரு கடிதம் எழுதினார். இலவச சட்ட உதவி செய்யும் ஓர் அமைப்பின் பொறுப்பில் இருந்தவர் அவர். லாக்கப்பில் ஆட்கள் செத்துப்போவதைப் பற்றிப் பேப்பரில் வந்த செய்திகளைக் காட்டி, இதைக் கேட்க ஆள் இல்லையா என்று கேட்டிருந்தார். உச்ச நீதிமன்றம் அந்தக் கடிதத்தையே மனுவாக எடுத்துக்கொண்டது. பத்து வருஷம் கழித்து, 1996 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. ஒருவரைக் கைது செய்யும்போது போலீஸ் என்னென்ன செய்தாக வேண்டும் என்று 11 கட்டளைகள் அதில் இருக்கின்றன.

அவர் சட்டம் படித்தவர், நான் அப்படியில்லையே என்பீர்கள். சரி, ராஜஸ்தானுக்கு வாருங்கள். அங்கே ராஜ்சமந்த் பக்கத்துக் கிராமங்களில் அரசாங்க வேலைக்குப் போன கூலிக்காரர்களுக்குச் சொன்ன கூலி கைக்கு வரவில்லை. 'அளந்து பார்த்தோம், நீங்கள் செய்த வேலை குறைவு' என்று அதிகாரிகள் சொன்னார்கள். அப்படியானால் வேலைக்கு வந்தவர்களின் பெயரையும் கூலியையும் எழுதி வைக்கும் மஸ்டர் ரோலைக் காட்டுங்கள் என்று இவர்கள் கேட்டார்கள். அது ரகசியம் என்று பதில் வந்தது. சமூகப் போராளி அருணா ராயும் அந்தக் கிராமத்து ஆட்களும் 1990இல் ஒரு சங்கம் சேர்த்து, 1994 கடைசியில் ஊர் நடுவே பந்தல் போட்டுக் கணக்கை எல்லார் முன்னாலும் படித்தார்கள். 1996இல் பியாவர் என்ற ஊரில் 40 நாள் உட்கார்ந்தார்கள். அத்தனை நாளும் அவர்களுக்குச் சோறு எங்கிருந்து வந்தது? ஊர்க்காரர்கள் தானியமும் காய்கறியும் கொண்டுவந்து கொடுத்தார்கள். 2005இல் வந்த தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்கு விதை அங்கே விழுந்தது. அன்றைக்கு ஒரு படி கோதுமை கொடுத்தவருக்கும் அதில் பங்கு உண்டு.

இனி உங்கள் கடைக்கு வருகிறேன். நான் சொன்ன 11 கட்டளைகளில் ஒன்று: கைது செய்யும் இடத்திலேயே போலீஸ் ஒரு குறிப்பு எழுத வேண்டும், அதில் நேரமும் தேதியும் இருக்க வேண்டும், கைதானவரின் குடும்பத்தில் ஒருவரோ அந்தப் பகுதியில் மதிப்புள்ள ஒருவரோ சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலும் இது இருக்கிறது. உங்கள் தெருவில் அந்த மதிப்புள்ள ஆள் யார்? எல்லாரையும் தெரிந்த, எல்லாருக்கும் தெரிந்த மளிகைக் கடைக்காரர்தான். எதிர்வீட்டுப் பையனை ஜீப்பில் ஏற்றும்போது ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே போய்விடாதீர்கள். வெளியே வந்து, 'சார், எந்த ஸ்டேஷன்? நான் கையெழுத்துப் போடுகிறேன்' என்று சொல்லுங்கள். சத்தம் போடவோ மறிக்கவோ வேண்டாம். பார்த்தவர் ஒருவர் இருக்கிறார், அவருக்கு நேரமும் தெரியும் என்பது பதிவாகிவிடும். அந்த ஒன்றுக்கே ஸ்டேஷனில் அவன் நடத்தப்படும் விதம் மாறுவதைப் பல தடவை பார்த்திருக்கிறேன்.

அப்புறம், கல்லாவுக்குப் பின்னால் காலண்டர் மாட்டியிருப்பீர்கள். அதன் பக்கத்தில் 15100 என்று பெரிதாக எழுதி ஒட்டுங்கள். அது இலவச சட்ட உதவிக்கான எண்.

கேள்வி: ஸ்டேஷனில் இருந்து போன் போட்டு, 'சும்மா ஒரு விசாரணைதான், வந்துட்டுப் போங்க' என்று என் வீட்டுக்காரரைக் கூப்பிடுகிறார்கள். பக்கத்துக் காட்டுக்காரரோடு வரப்புத் தகராறு, அவர் புகார் கொடுத்திருக்கிறார். அதைப் பார்த்தார் என்று 64 வயது மாமனாரையும் கூட்டி வரச் சொல்கிறார்கள். போகாவிட்டால் தப்பாகிவிடுமா?
– வாசகி, அருப்புக்கோட்டை

பதில்: இந்தக் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். 1998இல் எங்கள் வீட்டுக்கும் இதே வார்த்தைதான் வந்தது, 'சும்மா ஒரு விசாரணை.' என் தம்பிக்கு அப்போது 22 வயது. சைக்கிள் கடையில் வேலை. திருட்டு சைக்கிள் ஒன்று அந்தக் கடைக்கு வந்ததாம். எந்த ஊர், எந்த ஸ்டேஷன் என்பது இப்போது வேண்டாம். சாயங்காலம் போனவன் எட்டு மணி ஆகியும் வரவில்லை. வாசலில் போய்க் கேட்டால் 'இங்கே அப்படி யாரும் வரல' என்கிறார் பாரா நின்றவர். அவன் செருப்பு படிக்குப் பக்கத்தில் கிடக்கிறது.

நான் திரும்பி வந்து, கோர்ட்டில் எனக்குத் தெரிந்த ஒரு வக்கீலின் வீட்டுக் கதவைத் தட்டினேன். அவர் அந்த டி.கே. பாசு தீர்ப்பின் ஜெராக்ஸை என் கையில் கொடுத்து, 'தனியாகப் போகாதே, நாலு பேரோடு போ' என்றார். அம்மா, சித்தி, பக்கத்து வீட்டு டீச்சர், நான் என்று நாலு பெண்கள் போனோம். நான் ஒரு நோட்டில் 'இரவு 9.40, படியில் தம்பியின் செருப்பு' என்று எழுதினேன். எழுதுவதை அவர்கள் பார்க்கும்படி எழுதினேன். 'இவனைக் கைது செய்திருந்தால் குறிப்பில் நாங்கள் கையெழுத்துப் போடுகிறோம், செய்யவில்லை என்றால் வீட்டுக்கு அனுப்புங்கள்' என்று டீச்சர் கேட்டார். அவருக்குக் குரல் நடுங்கியது, ஆனாலும் கேட்டார். விடியற்காலை நாலு மணிக்குத் தம்பியை வெளியே விட்டார்கள். முதுகில் தடம் இருந்தது. அந்தத் தடத்தோடு அன்றைக்கே அரசு ஆஸ்பத்திரியில் காட்டி எழுதி வாங்காமல் விட்டது நான் செய்த தவறு. இன்றுவரை அதை நினைத்தால் வயிறு எரிகிறது. நீங்கள் அந்தத் தவறைச் செய்யக் கூடாது.

சட்டம் சொல்வது இதுதான். 2024 ஜூலை 1இல் இருந்து புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் நடப்பில் இருக்கிறது, பி.என்.எஸ்.எஸ். என்பார்கள். அதன் 179ஆம் பிரிவின்படி 60 வயதைத் தாண்டிய ஆண், 15 வயதுக்குக் குறைந்த பையன், எந்த வயதுப் பெண்ணாக இருந்தாலும் சரி, மாற்றுத்திறனாளி, கடும் நோயாளி இவர்களைச் சாட்சி விசாரணைக்கென்று ஸ்டேஷனுக்கு வரச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது. அவர்கள் வீட்டுக்கு வந்துதான் கேட்க வேண்டும். ஆகவே உங்கள் மாமனார் வீட்டிலேயே இருக்கட்டும். 'அவருக்கு 64 வயது, வீட்டுக்கு வந்து கேளுங்கள், ஒத்துழைக்கிறோம்' என்று எழுதி அனுப்புங்கள். ஆதார் நகல் ஒன்றை இணையுங்கள்.

உங்கள் வீட்டுக்காரர் விஷயம் வேறு. அவர் மேல்தான் புகார். அவரைக் கைது செய்யத் தேவையில்லாத நிலையில் 35ஆம் பிரிவின் 3ஆம் உட்பிரிவில் எழுத்தில் நோட்டீஸ் கொடுத்து அழைக்க வேண்டும். அந்த நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்பக் கூடாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நோட்டீஸ் வந்தால் அவசியம் போக வேண்டும், போகாமல் இருப்பது அவருக்கே பாதகம். போன் வந்தது என்பதற்காக மல்லுக்கு நிற்கவும் வேண்டாம். 'நோட்டீஸ் கொடுங்கள் சார், தேதி சொல்லுங்கள், வக்கீலோடு வருகிறோம்' என்று மரியாதையாகச் சொல்லுங்கள். போகும் நாளில் இரண்டு பேராவது கூடப் போங்கள்.

கைது என்று ஆகிவிட்டால், காரணத்தை அவருக்குப் புரியும் மொழியில் எழுதிக் கொடுக்க வேண்டும். வீட்டில் ஒருவருக்குத் தகவல் சொல்ல வேண்டும். பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். உடம்பில் அடி இருந்தால் மாஜிஸ்திரேட்டிடம் வாய் திறந்து சொல்ல வேண்டும். அங்கே பயந்து 'ஒன்றுமில்லை' என்று சொல்லிவிட்டு வந்து பிறகு என்னிடம் அழுதவர்கள் எத்தனை பேர்!

பெண்களைச் சூரியன் மறைந்த பின், உதிப்பதற்கு முன் கைது செய்யக் கூடாது. தவிர்க்கவே முடியாத நிலையில் மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதியோடு பெண் போலீஸ்தான் செய்ய வேண்டும்.

2020 ஜூனில் சாத்தான்குளத்தில் செல்போன் கடை வைத்திருந்த ஒரு மகனும் அவர் தந்தையும் காவலில் அடிபட்டு இறந்ததை நாம் யாரும் மறக்கவில்லை. அந்த இரவில் நடந்ததை மாஜிஸ்திரேட்டிடம் சொன்னவர் அதே ஸ்டேஷனில் வேலை பார்த்த ஒரு பெண் தலைமைக் காவலர். சீருடைக்குள் இருப்பவர்களிலும் நமக்காகப் பேசுகிறவர்கள் உண்டு. ஆகவே போலீஸ் என்றாலே பகை என்று நினைத்துப் போகாதீர்கள்.

கேள்வி: என் வண்டி திருடுபோனது. புகார் கொடுத்ததும் சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்து அனுப்பிவிட்டார்கள். இரண்டு மாதம் ஆகிறது. இதுவும் எஃப்.ஐ.ஆரும் ஒன்றுதானே?
– வாசகர், பட்டுக்கோட்டை

பதில்: இல்லை தம்பி. சி.எஸ்.ஆர். என்பது 'உங்கள் மனு வந்து சேர்ந்தது' என்ற சீட்டு. வழக்குப் பதிவானது என்று அதற்கு அர்த்தம் இல்லை. திருட்டு போன்ற பிடியாணை இல்லாமலே கைது செய்யக்கூடிய குற்றம் பற்றித் தகவல் வந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்று 2013இல் லலிதா குமாரி வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. அதன் நகலைப் புகார் கொடுத்தவருக்கு இலவசமாகத் தர வேண்டும். போடவில்லை என்றால் அதே புகாரை மாவட்ட எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்புங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் மனு. பதிவுத் தபாலை 2025இல் ஸ்பீடு போஸ்ட்டோடு சேர்த்துவிட்டார்கள். பெயர் எதுவானாலும், யார் கையில் சேர்ந்தது என்ற அத்தாட்சியை வாங்கி சி.எஸ்.ஆர். சீட்டோடு சேர்த்து வையுங்கள்.

கேள்வி: எங்கள் தெருவுக்கு ஒரே சாலையை இரண்டு முறை போட்டதாகப் பில் எடுத்திருக்கிறார்கள் என்று சந்தேகம். தகவல் சட்டத்தில் மனுப் போட்டேன். மூன்றாம் நாள் கான்ட்ராக்டரின் ஆள் வீட்டு வாசலில் வந்து நிற்கிறார். 'உனக்கெதுக்கு இந்த வேலை' என்கிறார். விட்டுவிடலாமா?
– வாசகர், தாராபுரம்

பதில்: முதலில், இது விளையாட்டில்லை. இந்த நாட்டில் தகவல் கேட்டதற்காக உயிரையே விட்டவர்கள் இருக்கிறார்கள். வீரமாக இருங்கள் என்று எங்கோ உட்கார்ந்து எழுதிவிட என்னால் முடியாது. அந்த ஆள் வந்த தேதி, நேரம், சொன்ன வார்த்தை இவற்றை எழுதி இன்றைக்கே ஸ்டேஷனில் ஒரு மனுக் கொடுங்கள், எஸ்.பி.க்கும் ஒரு நகல் அனுப்புங்கள். மிரட்டல் எழுத்தில் ஏறிவிட்டால், மிரட்டியவருக்கு உங்கள் பாதுகாப்பில் அக்கறை வந்துவிடும்.

விட்டுவிட வேண்டாம், தனியாகச் செய்வதை மட்டும் விட்டுவிடுங்கள். அதே கேள்வியைத் தெருவில் இன்னும் ஐந்து பேர் போடட்டும். கோயம்புத்தூரில், சென்னையில் இருக்கும் உங்கள் ஊர்ப் பிள்ளைகள் அங்கிருந்து போடட்டும். எந்த இந்தியக் குடிமகனும் எந்த ஊர்க் கணக்கையும் கேட்கலாம், ஏன் கேட்கிறாய் என்று திருப்பிக் கேட்க அவர்களுக்கு உரிமை இல்லை. வீட்டு முகவரி கொடுக்கத் தயக்கமாக இருந்தால் தபால் பெட்டி எண் போதும் என்று 2013இல் கல்கத்தா உயர் நீதிமன்றம் சொல்லி, மத்திய அரசும் அதைச் சுற்றறிக்கையாக அனுப்பியிருக்கிறது. எட்டு பேர் கேட்ட பிறகு எந்த வாசலில் போய் நிற்பார்கள்?

கேள்வியையும் மாற்றுங்கள். உங்கள் மனு நகலைப் பார்த்தேன். 'ஊழல் நடந்ததா, நடவடிக்கை எடுப்பீர்களா' என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்குத் 'தகவல் இல்லை' என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். நீங்கள் கேட்க வேண்டியது காகிதம். இன்ன தெரு, இன்ன ஆண்டு, அந்த வேலையின் எஸ்டிமேட், ஒர்க் ஆர்டர், எம் புக், பில் இவற்றின் சான்றிட்ட நகல் வேண்டும் என்று கேளுங்கள். எம் புக் என்பது இன்ஜினியர் அளந்து எழுதும் புத்தகம். இரண்டு தடவை போட்டதாக அதில் இருந்தால், நீங்கள் டேப்பை எடுத்துக்கொண்டு தெருவில் அளந்தாலே தெரிந்துவிடும். 10 ரூபாய் கோர்ட் ஃபீஸ் ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். 30 நாளில் பதில் வர வேண்டும், ஒருவரின் உயிரோ சுதந்திரமோ சம்பந்தப்பட்டது என்றால் 48 மணி நேரத்தில். பதில் இல்லாவிட்டால் மறுத்ததாகவே பொருள். அடுத்த 30 நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேலதிகாரியிடம் முதல் மேல்முறையீடு, அதன் பிறகு 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். காரணமில்லாமல் இழுத்தடித்த அலுவலருக்கு நாளுக்கு 250 ரூபாய், 25,000 வரை அபராதம் போட ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு.

எனக்கு இப்போது பெரிய கவலை ஒன்று இருக்கிறது. 2023இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகவல் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவை மாற்றிவிட்டது. தனிநபர் பற்றிய விவரம் என்றாலே மறுக்கலாம் என்று ஆகிவிட்டது. ராஜஸ்தான் கூலிக்காரர்கள் கேட்ட மஸ்டர் ரோலில் இருப்பது என்ன? ஆட்களின் பெயர்தானே. ஆனால் 8(2) என்ற பிரிவு இன்னும் உயிரோடு இருக்கிறது: பொதுநலன் பெரிது என்றால் கொடுக்கலாம். ஆகவே மனுவின் கடைசியில், இது பொதுப் பணம், பொதுநலன் கருதி 8(2)இன் கீழ் தரவும் என்று ஒரு வரி சேருங்கள். மறுத்தால் அந்த வரிக்கு அவர்கள் பதில் சொல்லியாக வேண்டும்.

கேள்வி: எங்கள் ஊராட்சியில் கிராம சபை என்றால் ஒரு நோட்டு வரும், கையெழுத்து வாங்குவார்கள், டீ கொடுப்பார்கள், முடிந்தது. இதற்குப் போய் என்ன பயன் அக்கா?
– வாசகி, மேலூர் பக்கத்துக் கிராமம்

பதில்: மேலூரில் இருந்துகொண்டு இப்படிக் கேட்கலாமா தங்கச்சி? அரிட்டாபட்டி உங்களுக்கு எத்தனை கிலோமீட்டர்? 2024 நவம்பரில் அங்கே டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் முடிந்துவிட்டது என்று செய்தி வந்ததும், அந்த வட்டாரத்துக் கிராம சபைகளில் எதிர்த்துத் தீர்மானம் போட்டார்கள். டிசம்பரில் சட்டமன்றமும் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரி 7 அன்று மேலூரில் இருந்து மதுரை தல்லாகுளம் வரை ஜனம் நடந்தது. ஜனவரி 23இல் மத்திய அரசு ஏலத்தையே ரத்து செய்தது. தீர்மானம் மட்டும் போதவில்லை, ரோட்டில் இறங்கி நடக்கவும் வேண்டியிருந்தது. ஆனால் நடந்தவர்கள் கையில் 'எங்கள் ஊர் வேண்டாம் என்கிறது' என்று எழுதிய காகிதம் இருந்தது. ஒடிசாவில் நியம்கிரி மலையில் பாக்சைட் எடுக்கலாமா என்று 2013இல் உச்ச நீதிமன்றம் கிராம சபைகளையே கேட்கச் சொன்னது. 12 ஊரில் கேட்டார்கள், 12 ஊரும் வேண்டாம் என்றது. அங்கே வன உரிமைச் சட்டம் கை கொடுத்தது. நம் ஊர்ச் சபைக்கு அவ்வளவு பலம் இல்லை என்பது உண்மைதான். இருக்கிற பலத்தையாவது நாம் எடுத்தோமா என்பது என் கேள்வி.

தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்தில் ஆறு நாள் கிராம சபை. 500 பேர் வரை உள்ள ஊராட்சியில் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் இருந்தால்தான் கூட்டம் செல்லும். அந்த எண்ணிக்கையைக் காட்டத்தான் நோட்டு வீடு வீடாக வருகிறது. வீட்டு வாசலில் நின்று கையெழுத்துப் போடாதீர்கள். 'கூட்டத்துக்கு வந்து போடுகிறேன்' என்று சொல்லுங்கள். நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்கள் பத்துப் பேர் இப்படிச் சொன்னாலே போதும், அந்த நோட்டு மந்தைக்குத் திரும்பி வரும்.

போகும்போது உங்கள் கோரிக்கையை எழுதி எடுத்துப் போங்கள். தெருவிளக்கு, குடிநீர், எதுவானாலும் ஒன்றே ஒன்று. அதைத் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றச் சொல்லி, ஏற்றியதைப் படிக்கச் சொல்லி, அடியில் கோடு போட்ட பிறகு கையெழுத்துப் போடுங்கள். வெற்று இடம் விட்ட பக்கத்தில் கையெழுத்துப் போடவே கூடாது. மறுவாரம் அந்தப் பக்கத்தின் நகலைத் தகவல் சட்டத்தில் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: ஹாஸ்டல் தண்ணீர் கலங்கலாக வருவதை வீடியோ எடுத்து ஃபேஸ்புக்கில் போட்டேன். 'சைபர் கிரைமில் கொடுப்போம், 66ஏ இருக்கு' என்று மிரட்டுகிறார்கள். மன்னிப்புக் கடிதம் கேட்கிறார்கள்.
– கல்லூரி மாணவி, நாகர்கோவில்

பதில்: 66ஏ என்பது இணையத்தில் எழுதியதற்காக வழக்குப் போட வைத்திருந்த ஒரு சட்டப் பிரிவு. அது செத்துப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது கண்ணு. 2012 நவம்பரில் மகாராஷ்டிரத்தில் பால்கர் என்ற ஊரில், ஒரு தலைவர் இறந்ததற்கு மும்பையே அடைபட வேண்டுமா என்று ஃபேஸ்புக்கில் ஓர் இளம்பெண் எழுதினாள், இன்னொருத்தி அதற்கு லைக் போட்டாள். இரண்டு பேரையும் கைது செய்தார்கள். அதைப் பார்த்துப் பொறுக்காமல் ஸ்ரேயா சிங்கால் என்ற, உன் வயதுப் பெண் ஒருத்தி உச்ச நீதிமன்றம் போனாள். 2015 மார்ச் 24இல் அந்தப் பிரிவையே நீதிமன்றம் நீக்கியது. கொடுமை என்னவென்றால், அதற்குப் பிறகும் பல ஊர்களில் அதே பிரிவில் வழக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். பி.யு.சி.எல். என்ற மனித உரிமை அமைப்பு மறுபடி கோர்ட்டுக்குப் போய், 2022 அக்டோபரில், இனி யார் மேலும் இதில் வழக்குக் கூடாது என்று உத்தரவு வாங்க வேண்டியிருந்தது.

இதை நான் நீட்டிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 1950இல் மெட்ராஸ் அரசு 'கிராஸ் ரோட்ஸ்' என்ற பம்பாய்ப் பத்திரிகையைத் தன் எல்லைக்குள் வர விடாமல் தடுத்தது. உச்ச நீதிமன்றம் அந்தத் தடை செல்லாது என்றது. அடுத்த வருஷமே அரசியல் சட்டத்தை முதல் முறையாகத் திருத்தி, பேச்சுரிமைக்குக் கட்டுப்பாடு போட இன்னும் சில காரணங்களைச் சேர்த்தார்கள். ஒரு தரம் ஜெயித்ததோடு நம் வேலை முடிவதில்லை.

நீ செய்ய வேண்டியது: மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுக்காதே, அதில் நீயே குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும். வீடியோ எடுத்த தேதி, இடம், கூட இருந்தவர்கள் இதெல்லாம் குறித்து வை. அந்தப் பதிவில் யாரையாவது பெயர் சொல்லித் திருடன், அது இதென்று எழுதியிருந்தால் அந்த வரியை எடுத்துவிடு, அவதூறு வழக்கு வேறு பிரிவில் இருக்கிறது. தண்ணீர் கலங்கல் என்பது கண்ணால் பார்த்த உண்மை, அது இருக்கட்டும். ஹாஸ்டல் பெண்கள் எல்லாரும் கையெழுத்துப் போட்டுக் கல்லூரிக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் ஒரு மனு அனுப்புங்கள். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கொண்டுபோய்க் கொடுத்து எண் வாங்குங்கள். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் கொடுக்கச் சட்டம் இருக்கிறது. நாகர்கோவில் கோர்ட் வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு என்று கேட்டால் காட்டுவார்கள்.

கேள்வி: போன தேர்தலில் பூத்துக்குப் போனால் என் பெயரே இல்லை. யாரிடம் சண்டை போடுவது?
– வாசகர், திருவாரூர்

பதில்: ஓட்டுப் போடும் நாளில் சண்டை போட்டுப் பயனில்லை. வரைவுப் பட்டியல் வெளியாகும்போதே பார்க்க வேண்டும். உங்கள் பெயரோடு பக்கத்து வீட்டுப் பாட்டி பெயரையும் பாருங்கள். சேர்க்கப் படிவம் 6, திருத்தவும் முகவரி மாற்றவும் 8. படிவம் 7ஐக் கவனியுங்கள், அதில் இன்னொருவர் உங்கள் பெயரை நீக்கச் சொல்லி எழுதலாம். நோட்டீஸ் வந்தால் விசாரணைக்குக் கட்டாயம் போங்கள். நீக்கிவிட்டால் 15 நாளுக்குள் ஆட்சியரிடம் மேல்முறையீடு உண்டு. பெயர் இருந்து, உங்கள் ஓட்டை வேறு யாரோ போட்டிருந்தால், திரும்பி வராமல் டெண்டர் ஓட்டுக் கேளுங்கள். வாக்குச்சீட்டில் போடச் சொல்லி உறையில் வைப்பார்கள், கள்ள ஓட்டுக்கு அதுவே அத்தாட்சி.

கேள்வி: என் மகன் சட்டக் கல்லூரியில் படிக்கிறான். ஆர்ப்பாட்டம், ஊர்வலம் என்று போய்விடுகிறான். தகப்பன் இல்லாத பிள்ளை. தடுக்கவும் மனசு வரவில்லை, அனுப்பவும் மனசு வரவில்லை.
– ஒரு தாய், திருநெல்வேலி

பதில்: உங்களுக்கு ஆறுதல் எழுத உட்கார்ந்தால் எனக்கே கண் கலங்குகிறது. என் அம்மா 1998 அந்த இரவுக்குப் பிறகு ஒரு வருஷம் எங்களில் யாரையும் இருட்டிய பின் வெளியே விடவில்லை. அப்படியும் பக்கத்துத் தெருப் பையனைப் பிடித்துப் போனபோது அம்மாதான் முதலில் செருப்பை மாட்டினார்.

தடுக்காதீர்கள். ஆனால் கேட்டுவிட்டு அனுப்புங்கள். கூட்டத்துக்கு அனுமதி கேட்டிருக்கிறார்களா, மறுத்திருந்தால் எழுத்தில் மறுத்தார்களா? அந்தக் கடிதம் இருந்தால் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போகலாம், வாய் வார்த்தையோடு போக முடியாது. கூட யார் யார் போகிறார்கள், ஒரு வக்கீலின் எண், இரண்டையும் காகிதத்தில் எழுதி வாங்கி வையுங்கள். போனை வாங்கிவிட்டால் அவனுக்கு ஓர் எண்ணும் ஞாபகம் இருக்காது, ஆகவே உங்கள் எண்ணை அவன் மனப்பாடம் செய்யட்டும். கல்லெறிகிற கூட்டம் என்றால் திரும்பி வா என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

நம் ஊரில் பெரும்பாலும் வேனில் ஏற்றி ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்துச் சாயங்காலம் விடுவார்கள். எந்த மண்டபம் என்று விசாரித்து, கூடப் போன பிள்ளைகளின் தாய்மார்களையும் கூட்டிக்கொண்டு வாசலுக்குப் போங்கள். தண்ணீர் பாட்டில் கொண்டுபோங்கள், உள்ளே சில சமயம் அது இருக்காது. பொறுப்பில் இருக்கும் அதிகாரியிடம் எத்தனை மணிக்கு விடுவீர்கள் என்று கேட்டு, அவர் சொன்ன நேரத்தை நோட்டில் எழுதுங்கள். அந்த நேரம் தாண்டினால் வக்கீலைக் கூப்பிடுங்கள். அதுவரை வாசலை விட்டு யாரும் நகராதீர்கள்.